உப்புக்கிண்ணத்துக்கு இவ்வளவு செய்கூலியா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினசரி உப்பு வைக்க இந்தச் சாமான் சரிப்படாது. மடிப்பு மடிப்பாக வேலை இருக்கும் இடத்தில் உப்பும் ஈரமும் தங்கினால் வெள்ளி கறுத்து, அரித்து, பொட்டுப் பொட்டாகக் குழி விழும். துடைக்கத் துணி நுழையாது. மேசையில் அடைக்கும் இடம் ஏராளம், கொள்ளும் உப்போ கொஞ்சம். இருந்தாலும், ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் 17-ம் நூற்றாண்டுப் பொற்கொல்லர் யோஹான்னஸ் லுட்மா செய்த உப்புக்கிண்ணங்களைப் பார்த்த பிறகு, காலமெல்லாம் வெள்ளிச் சாமான் விற்ற நான் போடும் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து.

எனக்குக் கும்பகோணத்தில் வெள்ளிப் பாத்திரக் கடை. குங்குமச் சிமிழ், சந்தனப் பேலா, பன்னீர்ச் செம்பு, கல்யாணத் தாம்பாளம் எல்லாம் உண்டு. எடை போட்டு, செய்கூலி சேதாரம் சேர்த்து, பில் எழுதிப் பழகிய கண். இப்போது கடையைத் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். மகள் நெதர்லாந்தில் யூட்ரெக்ட் நகரத்தில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போன இடத்தில்தான் இந்த மனுஷன் என்னைப் பிடித்துக்கொண்டார். ஆகவே இதைக் கலை விமர்சனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சரக்கு பார்த்தவன் சொல்கிறான், அவ்வளவுதான்.

கிண்ணங்கள் மொத்தம் நான்கு. இரண்டு 1639-ல் செய்தவை, இரண்டு 1643-ல். வெள்ளி, அங்கங்கே தங்கப் பூச்சு. கொழுகொழுவென்று ஒரு குழந்தை உருவம், அது தாங்கும் சிப்பி மாதிரி ஒரு கிண்ணம். குழந்தை உருவத்தைத் தனியாக வார்த்துச் சேர்த்திருப்பார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, நல்ல பட்டறை எதிலும் அந்த வேலை நடக்கும். விஷயம் கிண்ணத்தின் விளிம்பில் இருக்கிறது. காய்ச்சிய பாலில் ஆடை சுருங்கி ஓரமாக ஒதுங்குமே, அந்தச் சுருக்கம் அப்படியே வெள்ளியில் நிற்கிறது. எது விளிம்பு, எது அலங்காரம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. உற்றுப் பார்த்தால் அதற்குள் ஏதோ ஒரு ஜந்துவின் வாய் தெரிகிற மாதிரி இருக்கும். இரண்டடி தள்ளிப் போய்ப் பார்த்தால் வாயும் இல்லை, ஜந்துவும் இல்லை, வெறும் நெளிவு.

டச்சுக்காரர்கள் இந்தப் பாணியைக் குவாப் என்கிறார்கள். தொங்கும் சதை, மீனின் தாடை, காதுமடல், கடல் பிராணி எல்லாவற்றையும் கலந்து குழைத்த மாதிரி ஒன்று. மகளுக்குப் பிடிக்கவில்லை. "அப்பா, பார்க்கவே வழவழன்னு ஒரு மாதிரி இருக்கு, இதுல யாரு உப்பு எடுப்பா?" என்றாள். நியாயமான கேள்வி. 1640-ல் ஆம்ஸ்டர்டாமில் பணம் படைத்தவர்கள் எடுத்தார்கள். உப்புக்கிண்ணம் அவர்கள் விருந்து மேசையின் நடுநாயகம். வந்தவர்கள் கண் முதலில் போகும் இடம் அது. சமையல்காரம்மாவுக்கு வசதியா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அரிக்காமல் இருக்க, உப்பு படும் இடத்தில் தங்கப் பூச்சு கொடுப்பது அந்தக் காலத்துப் பட்டறைகளின் வழக்கம். பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக ஓட்டுவார்கள். அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் கதியை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நம் ஊரிலும் பழைய தலைமுறை ஆசாரிகள் அந்தப் பூச்சு வேலை செய்தவர்கள்தான்.

இந்தக் கிண்ணத்தைப் பார்ப்பவர்கள் எல்லாரும் உருக்கி ஊற்றி அப்படியே உறையவிட்டது என்று நினைப்பார்கள். லுட்மாவின் சாமர்த்தியமே அதுதான். அந்த நெளிவு சூட்டில் வந்ததில்லை, சுத்தியலில் வந்தது. தகட்டைப் பட்டடையில் வைத்துத் தட்டித் தட்டிக் குழியாக்க வேண்டும். தட்டத் தட்ட வெள்ளி விறைத்துக்கொள்ளும், விட்டால் கீறிவிடும். அதனால் பழுக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடி தட்ட வேண்டும். இப்படி எத்தனையோ தடவை. அப்புறம் அரக்கில் பதித்து, உளிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் மாற்றி மாற்றி அடித்து உருவத்தை எழுப்ப வேண்டும். ஒரு பூ, ஒரு மயில், ஒரு யாளி என்றால் மனசில் அச்சு இருக்கும். கை தானாகப் போகும். இங்கே உருவமே இல்லாத உருவத்தை அடிக்க வேண்டும். எந்தக் கோடும் எங்கேயும் முடியக்கூடாது, ஒன்று இன்னொன்றில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தகடு எந்த இடத்திலும் மெலிந்து ஓட்டை விழவும் கூடாது. இதற்குச் செய்கூலி எவ்வளவு கேட்டாலும் தப்பில்லை என்பேன். இந்த ரகச் சாமான்களில் வெள்ளியின் விலையை வேலையின் விலை தாண்டியிருக்கும் என்பது அங்கே ஊரறிந்த சேதி. வாங்கியவர்களும் அதைத்தான் பெருமையாகக் காட்டிக்கொண்டார்கள்.

சரி, ஆள் யார்? 1584 வாக்கில் எம்டன் ஊரில் பிறந்தவர் என்பது இன்று பொதுவாகச் சொல்லப்படுவது. எம்டன் என்றதும் நமக்கு 1914 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்ட ஜெர்மன் கப்பல்தான் ஞாபகம் வரும். அந்தக் கப்பலுக்குப் பெயர் கொடுத்த ஊரேதான். கிழக்கு ஃப்ரீஸ்லாந்து என்கிற கடற்கரைச் சீமையில், எம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. இன்று ஜெர்மனி, ஆனால் 16-ம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்களுக்குப் பயந்து ஓடிவந்த டச்சு வியாபாரிகளும் கைவினைஞர்களும் குடியேறி, பேச்சிலும் வழிபாட்டிலும் பாதி டச்சு ஊராகவே ஆகிப்போன இடம். தண்ணீருக்கு அந்தப் பக்கம் நெதர்லாந்தின் குரோனிங்கன். இதில் ஒரு குழப்பம் உண்டு. ரெம்பிராண்ட் போட்ட லுட்மாவின் படத்தில், "பொற்கொல்லர், குரோனிங்கனில் பிறந்தவர்" என்று லத்தீனில் பொறித்திருக்கிறது. பக்கத்து ஊர்தானே என்று விட்டுவிட்டார்களோ என்னவோ. எப்படிப் பார்த்தாலும் ஆள் ஃப்ரீசியக் கரைக்காரர்.

1621-ல் ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்கிறார். வயது 37 ஆகிறது. நம் கணக்கில் கொஞ்சம் தாமதம்தான். வேலை கற்று, கை தேர்ந்து, பிறகுதான் பெரிய ஊருக்கு வந்திருக்கிறார். 1623-ல் மாய்கன் ரூலாண்ட்ஸைக் கல்யாணம் செய்கிறார், அடுத்த ஆண்டு அப்பா பெயரிலேயே மகன் பிறக்கிறான். 1638-ல் இரண்டாம் தாரமாக சாரா த பீ. இந்தத் தம்பதியை யாக்கோப் பாக்கர் என்ற ஓவியர் ஜோடிப் படங்களாக வரைந்திருக்கிறார். இரண்டுமே ரைக்ஸ்மியூசியத்தில் உண்டு. லுட்மாவின் படத்தில் அவர் கையில் வைத்திருப்பது ஓர் உப்புக்கிண்ணம். பைபிளும் இல்லை, கையுறையும் இல்லை. கடைக்காரன் நான், எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. தன் சரக்கில் எது ஓடும், எது பேர் வாங்கித் தரும் என்று தெரிந்த ஆள் அப்படித்தான் படத்துக்கு உட்காருவான்.

பாணியை அவர் கண்டுபிடிக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். யூட்ரெக்ட் ஊர் வான் வியானென் குடும்பம்தான் இதற்கு மூலவர்கள். தம்பி பவுலுஸ் வெளியூர் போய், மியூனிக், சால்ஸ்பர்க் என்று சுற்றி, கடைசியில் பிராகில் சக்கரவர்த்தி இரண்டாம் ருடால்பிடம் வேலை பார்த்து, 1613-ல் அங்கேயே இறந்துபோனார். அண்ணன் ஆதாம் ஊரிலேயே இருந்தார். பவுலுஸ் இறந்த மறு வருஷம் 1614-ல், அவர் நினைவாக ஆம்ஸ்டர்டாம் பொற்கொல்லர் சங்கம் ஆதாமிடம் ஒரு கூஜா செய்யச் சொன்னது. இறந்தவர் அந்தச் சங்கத்து ஆளே இல்லை, செய்தவரும் இல்லை; இருந்தும் கேட்டார்கள். அதுவும் இப்போது ரைக்ஸ்மியூசியத்தில்தான் இருக்கிறது. உயரம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, 25 சென்டிமீட்டர் சொச்சம். முழுக்கத் தங்கப் பூச்சு. கீழே ஒரு குரங்கு குந்தி உட்கார்ந்து மொத்தத்தையும் தாங்குகிறது. ஒரே தகட்டில் தட்டி எழுப்பியது என்கிறார்கள். எங்காவது பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த தடம் தெரிகிறதா என்று கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "அப்பா, கண்ணாடில மூக்கு இடிக்கப்போகுது" என்று மகள் இழுக்க வேண்டியிருந்தது. தடம் எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அதே காலத்து ஓவியர்கள் இந்தக் கூஜாவை எடுத்து எடுத்துத் தங்கள் படங்களில் வைத்திருக்கிறார்கள். ரெம்பிராண்டின் வீட்டுச் சாமான் பட்டியலில்கூட ஆதாம் செய்த ஒரு தாம்பாளத்தின் பிளாஸ்டர் அச்சு இருக்கிறது.

லுட்மா ஆம்ஸ்டர்டாமில் கடை விரித்தபோது ஊரில் எல்லாரும் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்த உருப்படி அந்தக் கூஜாதான். நகல் அடித்தே பிழைத்திருக்கலாம். ஆனால் இரண்டு பேர் வேலையையும் ஒரே நாளில் பார்த்தவனுக்கு வித்தியாசம் சட்டென்று தெரியும். ஆதாம் ஒரு அங்குலம்கூட சும்மா விடமாட்டார். கூஜா முழுவதும் ஊர்கிறது, வழிகிறது, கண்ணுக்கு உட்கார இடம் இல்லை. மேதைதான், சந்தேகமில்லை, ஆனால் அரை மணி நேரம் பார்த்தால் தலை சுற்றும். லுட்மாவுக்குத் தெரிந்த வித்தை, எங்கே தட்டாமல் விடுவது என்பது.

அதைப் பார்க்க வேண்டுமானால் 1647-ல் அவர் செய்த கூஜாவுக்கும் தாம்பாளத்துக்கும் போக வேண்டும். விருந்துக்கு வந்தவர்கள் கையில் வாசனைத் தண்ணீர் ஊற்ற ஒரு கூஜா, கீழே ஏந்திப் பிடிக்க ஒரு தாம்பாளம், ஜோடியாகத்தான் செய்வார்கள். முள்கரண்டி பழக்கம் பரவலாக வராத நாளில் இதற்கு உபயோகம் இருந்தது. பிறகு பிறகு, அலமாரியில் அடுக்கிக் காட்டுவதற்காகவே செய்தார்கள். இந்த ஜோடியில் ஓரத்தில்தான் குவாப் வேலை கொதிக்கிறது. மற்ற இடங்களில் வெள்ளியை வழவழவென்று விட்டுவிட்டார். மெருகு ஏற்றிய வெறும் பரப்பு.

வெறும் பரப்பு என்று நான் சொல்லும்போது தொழில் தெரியாதவர்கள் சிரிக்கலாம். வேலை செய்யாமல் விட்டதற்குப் பாராட்டா என்று. கடையில் எனக்கு இதே சண்டைதான். வேலைப்பாடு நிறைய இருக்கிற தாம்பாளத்தை வாடிக்கையாளர் உடனே எடுப்பார். மொட்டைத் தாம்பாளத்துக்குச் செய்கூலி கேட்டால் முறைப்பார். உண்மையில் பூ வேலை எத்தனையோ பாவங்களை மறைக்கும். சுத்தியல் வடு, சிறு பள்ளம், மெல்லிய கோணல் எதுவும் அதில் தெரியாது. பெரிய வழவழப்பான பரப்பில் ஒரு மயிரிழை மேடு இருந்தாலும் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். லுட்மா அந்தப் பரப்பைத் திறந்து வைத்துவிட்டார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், உள்ளே தண்ணீர் ஆடும்போது, ஓரத்து நெளிவெல்லாம் அந்த வெறும் வெள்ளியில் விழுந்து ஆடியிருக்கும். மியூசியத்து விளக்கில் அது கால்வாசிதான் தெரியும். இருந்தாலும் நீங்கள் நகர நகர வெளிச்சம் நகர்வதைப் பார்க்கலாம். நேராக நின்று பார்க்காதீர்கள். பக்கவாட்டில் நடந்துகொண்டே பாருங்கள்.

தொழில் எப்படிப் போயிற்று என்றால், நன்றாகவே போயிற்று. நகரசபையே வாடிக்கையாளர். 1648 அக்டோபர் 28 அன்று டாம் சதுக்கத்தில் புதிய நகரமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது, நகரத் தலைவர்கள் வீட்டுப் பையன்கள் நான்கு பேர் கல் வைத்தார்கள். அதற்கு வெள்ளியில் கொத்துக்கரண்டி செய்து கொடுத்தவர் லுட்மா. கட்டிடம் 1655-ல் திறப்பு விழா கண்டது. அதே ஆண்டு தேதியிட்டு நகரத்துக்காக அவர் செய்த இன்னொரு கூஜா-தாம்பாள ஜோடியும் இருக்கிறது. அதில் வெறும் பரப்பு இன்னும் துணிச்சலாக வருகிறது. அப்போது வயது 70 தாண்டியிருக்கிறது. வயதானால் கை நடுங்கும், வேலை பொடியும் என்பார்கள். இவர் குறைத்துக் குறைத்துக் கொண்டு போயிருக்கிறார்.

ரெம்பிராண்ட் போட்ட செப்புத்தகட்டு அச்சுப்படம் அதற்கு அடுத்த ஆண்டு, 1656-ல். அது ரெம்பிராண்ட் கடனில் மூழ்கிச் சொத்துகள் பட்டியலிடப்பட்ட வருஷமும்கூட. லுட்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். நாற்காலியின் முதுகில் சிங்கத்தலை. தலையில் குல்லாய், கண்கள் பாதி மூடின மாதிரி, கையில் ஏதோ சின்ன உலோகச் சிலை. பக்கத்து மேசையில் குவாப் வேலை செய்த ஒரு கிண்ணம், ஒரு சுத்தியல், ஒரு குவளை நிறைய உளிகள். எனக்கு எல்லாவற்றையும்விட அந்த உளிக் குவளைதான். எங்கள் பட்டறையிலும் அப்படித்தான், தலைகீழாகச் சொருகி, நுனி மேலே தெரிய வைத்திருப்போம். எந்த உளி வேண்டும் என்று பார்த்ததும் தெரியும். ரெம்பிராண்ட் முதலில் அடித்த பிரதிகளில் பின்னால் ஜன்னல் கிடையாது. பிறகு தகட்டில் ஜன்னலைச் சேர்த்தார்; கையெழுத்தும் ஆண்டும் அந்த லத்தீன் வாசகமும் அப்போதுதான் ஏறின. ஜன்னல் இல்லாத பிரதிதான் எனக்குப் பிடித்தது. ஜன்னல் வந்ததும் ஆள் கொஞ்சம் வீட்டுக்குள் போய்விட்டார்.

பிள்ளைகளும் தொழிலை விடவில்லை. யாக்கோப் லுட்மா அப்பாவின் அலங்கார வடிவங்களைப் பொறித்து அச்சிட்டார். 1650-களில் வந்த அந்த மாதிரி அச்சுகள் மரம், கல், தோல் என்று மற்ற தொழிலாளிகளுக்கும் வடிவப் புத்தகமாகப் போயின. இன்றும் படச்சட்டம் வியாபாரத்தில், நெளிவு நெளிவாகச் செதுக்கிய டச்சுச் சட்டங்களை லுட்மா சட்டம் என்றே சொல்கிறார்கள். அவர் செதுக்கியது ஒன்றுகூட இல்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அப்பா பெயர் கொண்ட மூத்தவர் செய்தது இன்னும் விசேஷம். வெள்ளியில் அடிக்கும் உளியையும் சுத்தியலையும் எடுத்து, செப்புத் தகட்டில் புள்ளி புள்ளியாக அடித்து, மை தடவி அச்செடுத்தார். கோடே கிடையாது, எல்லாம் புள்ளிதான். 1681-ல் அப்படி நான்கு முகங்கள்: அப்பா, தான், அப்புறம் கவிஞர்கள் வொண்டலும் ஹோஃப்டும். தகட்டின் கீழே லத்தீனில் சுத்தியல் வேலை என்று பொறித்திருக்கிறார். அப்பா இறந்து அப்போது 12 வருஷம். அப்பா லுட்மா இறந்தது 1669 ஜனவரியில். அதே வருஷம் அக்டோபரில் ரெம்பிராண்ட்.

அப்பா லுட்மா கண்ணை மூடியதும் பாணியும் கொஞ்ச காலத்தில் போயிற்று. பிரெஞ்சு மோஸ்தர் வந்தது, பூவும் இலையும் வந்தன, பழைய நெளிவு அவமானமாகிவிட்டது. வெள்ளிக்கு உள்ள சாபம் தெரியும்தானே, மோஸ்தர் போனால் உருக்கிவிடுவார்கள். ஓவியம் பிடிக்காவிட்டால் மாடியில் போடுவார்கள். வெள்ளி பிடிக்காவிட்டால் எடைக்குப் போகும். இத்தனை சாமான் தப்பித்ததே ஆச்சரியம்.

போகிறவர்களுக்குச் சில விவரம். ரைக்ஸ்மியூசியத்தில் 17-ம் நூற்றாண்டு இரண்டாவது மாடி. கூட்டம் மொத்தமும் ரெம்பிராண்டின் "இரவுக் காவல்" பக்கம் போகும். வெள்ளி அலமாரிகள் பக்கம் ஆள் குறைவு, நிதானமாக நிற்கலாம். காலை 9 முதல் மாலை 5 வரை. பெரியவர்களுக்கு டிக்கெட் 20 யூரோவுக்கு மேல், 18 வயதுக்குக் கீழே இலவசம், நேரம் குறித்து முன்பதிவு செய்துவிடுவது நல்லது. ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். அச்சுப்படங்கள் காகிதமானதால் எப்போதும் வெளியே வைத்திருக்க மாட்டார்கள், ரெம்பிராண்டின் லுட்மாவைச் சுவரில் எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

அதற்கெல்லாம் அவர்கள் இணையதளம் போதும். அது தனியாகப் பாராட்ட வேண்டிய சேவை. சேகரிப்பின் படங்களைப் பெரிய அளவில், காசில்லாமல், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். லுட்மா என்று தட்டினால் அப்பா, பிள்ளைகள், ஓவியம், அச்சு எல்லாம் வரிசையாக வரும். மகள் வீட்டு டி.வி.யில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தோம். நேரில் கண்ணாடிக்கு வெளியே நின்று தெரியாத உளித் தடம் அங்கே தெரிகிறது. பல வெள்ளிச் சாமான்களுக்கு எடையையும் கிராமில் போட்டிருக்கிறார்கள்! ஒரு மியூசியம் எனக்காகவே வேலை செய்கிறதோ என்று தோன்றியது. மாப்பிள்ளை உடனே கால்குலேட்டரை எடுத்தார். "அண்ணைக்கு ரேட்டா, இன்னைக்கு ரேட்டா மாமா?" என்று கேட்டார்.

எச்சரிக்கையாக ஒன்று. ஆம்ஸ்டர்டாமில் கால்வாய் ஓரத்தில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றில், பெயர் வேண்டாம், நெளிவு வேலை செய்த ஒரு சின்னக் கிண்ணத்தைக் காட்டி, 17-ம் நூற்றாண்டு, லுட்மா பட்டறைப் பக்கம் என்று விலை சொன்னார்கள். கையில் எடுத்ததுமே சந்தேகம். தகடு எல்லா இடத்திலும் ஒரே கனம். தட்டி எழுப்பிய சாமானில் அப்படி இருக்காது, எழும்பிய இடம் மெலியும், விரலால் உருட்டினால் தெரியும். உள்பக்கம் திருப்பினேன், சுத்தியல் தடமே இல்லை, அச்சில் அழுத்தியது. அடியில் முத்திரைகள் மட்டும் தாராளம், ஐந்தாறு. ஆம்ஸ்டர்டாம் முத்திரை என்றால் கிரீடத்துக்குக் கீழே மூன்று பெருக்கல் குறி, செய்தவர் முத்திரை, ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து. தரம் பார்க்கச் சுரண்டி எடுத்ததற்கு அடையாளமாக ஒரு நெளிகோடும் பல பழைய சாமான்களில் இருக்கும். இதில் எழுத்தெல்லாம் அழகுக்குப் போட்ட எழுத்து. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியின் ஹானாவ் ஊரில் பழைய பாணிச் சாமான்களை மொத்தமாகச் செய்து, பழைய மாதிரிப் பொய் முத்திரை குத்தி அனுப்பினார்கள்; ஐரோப்பா முழுக்க அது சுற்றுகிறது. அதுவும் நல்ல வெள்ளிதான், பொருளில் கேவலம் இல்லை. ஆனால் அந்த விலை அதற்கு இல்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

நேரமிருந்தால் டாம் சதுக்கத்தில் நியூவ கெர்க் என்கிற தேவாலயத்துக்கும் போய் வாருங்கள். 1645 ஜனவரியில் கூரையில் வேலை செய்தவர்கள் கவனக்குறைவால் தீப்பிடித்து எரிந்தது. புதுப்பித்தபோது பாடகர் பகுதிக்கு முன்னால் வைக்கப் பித்தளையில் ஒரு பெரிய தடுப்பு செய்தார்கள், அது லுட்மாவின் வேலை. கையில் தூக்கிப் பார்க்கும் சாமான்களே செய்த மனுஷன், ஆளுயரத்துக்கு மேல் பித்தளையில் என்ன செய்திருப்பார் என்ற ஆவலில்தான் போனேன். வெள்ளி அளவுக்கு நெகிழவில்லை, அது உண்மை. வார்ப்புக்கு வார்ப்பின் விறைப்பு இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கம்பீரம், கிட்டே போனால் சாதாரணம் என்று நானே மதிப்பெண் குறைத்துக்கொண்டேன், மூன்றரை போடலாம். இப்போது அந்தக் கட்டிடத்தில் கண்காட்சிகள் நடக்கின்றன. கண்காட்சி எதுவோ அதற்குத்தான் டிக்கெட், தடுப்பைப் பார்க்க மட்டும் என்று தனியாகக் கிடையாது. உள்ளே எதை எங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பார்வை மாறும் என்பதால், போவதற்கு முன்னால் என்ன கண்காட்சி என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.